காற்றுக்குக் கணக்குப் போடும் கம்பெனி



"கன அளவு எல்லாம் எதுக்குப் படிக்கணும்? யாருக்கு உபயோகம்?" என்று நம்மில் பல பேர் கேட்கிறோம். அந்தக் கன அளவை அடிப்படையாக வைத்தே ஜப்பானில் ஒரு கம்பெனி வளர்ந்திருக்கிறது. அதன் பெயர் சாஃப்ட்வேர் க்ரேடில். க்ரேடில் என்றால் தொட்டில். 1984-ஆம் ஆண்டு ஒசாகா நகரத்தில் தொடங்கப்பட்டது.

என்ன விற்றார்கள்?

டி.வி., கம்ப்யூட்டர், கார் எதுவாக இருந்தாலும் ஓடும்போது உள்ளே சூடு உண்டாகும். அது வெளியே போகாவிட்டால் பொருள் கெட்டுவிடும். முன்பெல்லாம் ஒரு மாதிரியைச் செய்து, ஓடவிட்டு, எங்கே சுடுகிறது என்று பார்ப்பார்கள். சரியில்லை என்றால் மறுபடியும் வேறு ஒன்று செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் பணமும் செலவு, நாளும் செலவு.

க்ரேடில் கம்பெனியின் 'ஸ்ட்ரீம்' என்ற சாஃப்ட்வேர், பொருளைச் செய்வதற்கு முன்னாடியே கம்ப்யூட்டருக்குள் காற்றையும் சூட்டையும் ஓடவிட்டுக் காட்டும். இதற்குப் பெயர்தான் சிமுலேஷன்.

எப்படிக் கணக்குப் போடுகிறது?

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 6 × 5 × 3 = 90 கன மீட்டர். இதைப் பக்கம் 10 செ.மீ. உள்ள பெட்டிகளாகப் பிரித்ததாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு கன மீட்டருக்கு 10 × 10 × 10 = 1000 பெட்டி. மொத்தம் 90,000 பெட்டிகள்.

ஒவ்வொரு பெட்டியிலும் கம்ப்யூட்டர் வரவு செலவு பார்க்கும். எவ்வளவு காற்று உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது? எவ்வளவு சூடு வந்தது, எவ்வளவு போனது? வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரிதான். ஒரு பெட்டியின் செலவு பக்கத்துப் பெட்டிக்கு வரவு. இப்படி எல்லாப் பெட்டிக்கும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டால் காற்று போகும் வழி தெரிந்துவிடும். இதற்கு உதவும் சமன்பாடுகளுக்கு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் என்று பெயர். பிரான்ஸ் நாட்டு நேவியர் 1822-லும், பிரிட்டனில் ஸ்டோக்ஸ் 1845-லும் இவற்றை வெளியிட்டார்கள்.

பெட்டியின் பக்கத்தை 5 செ.மீ. ஆக்கினால் எத்தனை பெட்டி வரும்? இரண்டு மடங்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் 8 மடங்கு! அதாவது 7,20,000. பெட்டி சின்னதானால் விடை துல்லியமாகும், ஆனால் வேலையும் அப்படியே ஏறும். 1984-ல் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு வேகமும் நினைவகமும் குறைவு. கம்ப்யூட்டர் வேகமாக ஆக ஆக, இந்தச் சாஃப்ட்வேரால் செய்ய முடிந்த வேலையும் கூடியது.

வளர்ந்த விதம்

ஒசாகா தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பானசோனிக் கம்பெனிகூட 1918-ல் அங்கேதான் தொடங்கியது. மின்னணுப் பொருள்கள் சின்னதாக ஆக ஆக, சூட்டை வெளியேற்றுவது பெரிய பிரச்சினை ஆனது. அதற்கென்றே 'ஹீட் டிசைனர்' என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார்கள்.

கட்டடம் போன்ற நேரான உருவங்களுக்குப் பெட்டி போதும். காரின் வளைவிலும் விசிறி இறக்கையிலும் பெட்டிகளை அடுக்கினால் படிக்கட்டு மாதிரி நிற்கும், வழவழப்பாக வராது. அதற்காக நான்முகி வடிவத் துண்டுகளைப் பயன்படுத்தும் 'ஸ்க்ரூ டெட்ரா' வந்தது.

2016-ல் அமெரிக்காவின் எம்.எஸ்.சி. சாஃப்ட்வேர் இந்தக் கம்பெனியை வாங்கியது. 1963-ல் தொடங்கிய எம்.எஸ்.சி., நாசாவுக்காக உருவான 'நாஸ்ட்ரான்' சாஃப்ட்வேரால் புகழ் பெற்றது. 2017-ல் அந்த எம்.எஸ்.சி.யையே ஸ்வீடன் நாட்டு ஹெக்ஸகன் வாங்கிவிட்டது.

"கம்பெனியையே வித்துட்டாங்க, இது எப்படி வளர்ச்சி?" என்று கேட்கலாம். நாஸ்ட்ரான் பொருள் வளையுமா, உடையுமா என்று பார்க்கும். க்ரேடில் காற்று, நீர், சூட்டைப் பார்க்கும். காற்று தள்ளினால் இறக்கை வளையும். இறக்கை வளைந்தால் காற்றின் வழியும் மாறும். ஆகவே இரண்டு கணக்கும் சேர்ந்திருப்பது நல்லதுதான். ஆனால் சொந்தமாக முடிவெடுத்த கம்பெனி இன்னொருவர் கைக்குப் போனது என்பதும் உண்மை. என் கருத்தில் இது பாதி லாபம், பாதி நஷ்டம். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது

சிமுலேஷன் படத்தில் சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் அழகாகத் தெரியும். அழகாக இருப்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. திறந்திருக்கும் ஜன்னலை மூடியிருக்கிறது என்று கொடுத்தால், கம்ப்யூட்டர் அதையே நம்பித் தப்பான படத்தைக் காட்டும். அதனால்தான் பொறியாளர்கள் உண்மையான பொருளிலும் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் அறிவியல் பாடத்தில் சோதனை செய்து சரிபார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் பற்றிய ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்தால் 10 லட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவின் க்ளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டு அறிவித்தது!

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பறையை டேப் வைத்து அளந்து, 10 செ.மீ. பெட்டிகள் எத்தனை, 5 செ.மீ. பெட்டிகள் எத்தனை என்று கணக்கிடுங்கள். ஏன் 8 மடங்கு வருகிறது என்ற காரணத்தையும் எழுதி இந்தத் தாளின் கீழே ஒட்டுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி