முதல் செலவு பெட்டைக்குட்டிக்கு

கையில் காசு குறைவு, வீட்டில் பூனைக்குட்டிகளோ ஒன்றுக்கு மேல் என்றால், முதல் செலவைப் பெட்டைக்குட்டியின் கருத்தடைக்கு ஒதுக்குங்கள். ராசிபுரம் பக்கம் தறி வீடுகளில் பூனை வளர்ந்து பார்த்தவள் நான். பாவு நூலை எலி கடித்துவிடக் கூடாதென்று பூனைக்குச் சோறு வைப்பார்கள். ஆனால் அதற்கென்று ஆஸ்பத்திரிச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது. அந்த மனம் வரவேண்டும் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டைப் பூனை நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினைப்படும். நாலு குட்டி பிறந்தால் நாலுக்கும் குடற்புழு மருந்து, தடுப்பூசி, சாப்பாடு எல்லாம் வேண்டும். அதற்கு ஆகும் பணத்தோடு பார்த்தால் ஒரு அறுவை சிகிச்சைக்கு ஆவது குறைவுதான்.

“ஒரு ஈத்தாவது போட்டுக்கட்டும் கண்ணு, அதுதான் ஒடம்புக்கு நல்லது” என்று எதிர்வீட்டு அக்கா சொல்வார். அது அன்பில் சொல்வது, ஆனால் உண்மையில்லை. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைக்கு மடியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான் என்பதால் இது பெரிய விஷயம். கடுவனுக்கு அறுவை சிகிச்சை எளிது, செலவும் குறைவு. செய்துவிட்டால் ஊர் சுற்றுவதும் சண்டையில் கடிபட்டு வருவதும் குறையும். ஆனாலும் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பெட்டைதான் முதலில்.

எங்கே போவது? நாமக்கல்லில் மோகனூர் சாலையில் லத்துவாடி என்ற இடத்தில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முட்டைக்குப் பேர்போன ஊர் என்பதால் அங்கே கோழிக்கும் மாட்டுக்கும் மட்டும்தான் வைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். நாய், பூனையையும் பார்க்கிறார்கள். ஆத்தூர் பக்கத்தவர்களுக்குத் தலைவாசலில் இன்னொரு கல்லூரி உண்டு. கல்லூரி மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும், மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஆசிரியர் இருப்பார். காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். மயக்க மருந்து, தையல், அதற்குப் பின் மாத்திரை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியில் வெறிநோய் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஒன்று, ஒரு வருடம் கழித்து இன்னொன்று, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். அதன் நினைவாக ஜூலை 6-இலும், உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-இலும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடக்கும். இந்த மருந்து பல டோஸ் கொண்ட குப்பியிலும் வரும். அதைத் திறந்தால் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும். அதனால் வீதியில் நாலைந்து வீட்டுக்காரர்கள் பேசிவைத்து ஒரே நாளில் கொண்டுபோனால் மருந்து வீணாகாது, ஆட்டோ வாடகையும் பங்காகும். ஊசி போட்ட பூனையோ போடாததோ, பிறாண்டி ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனிதர்களுக்கு அங்கே ஊசி இலவசம்.

மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசிதான் கையைக் கடிக்கும். எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், குட்டிக்கு நாலு மாதம் நிறையும் வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அதனால் கடைசி ஊசிதான் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று கடையில் வாங்கிச் சேலத்து வெயிலில் பையில் போட்டுக்கொண்டு வந்தால் அந்த ஊசியால் பயனில்லை. குப்பியின் லேபிளைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

ஊசி முடியாத குட்டிக்குப் பெரிய எமன் பார்வோ வகைக் கிருமி. வாந்தி, பேதி என்று தொடங்கி ஓரிரு நாளில் சுருண்டுவிடும். அது செத்த இடத்தில் கிருமி பல மாதம் தங்கும். பினாயில் அதைக் கொல்லாது, பூனைக்கும் ஆகாது. பிளீச்சிங் கரைசலால் துடைத்து, காய்ந்தபிறகுதான் இன்னொரு குட்டியை விட வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரவு பூனையைக் கட்டிலில் விடாதீர்கள். மயக்கம் தெளியாமல் தள்ளாடும், விழுந்துவிடும். உடம்பும் சில்லிட்டிருக்கும். தரையில் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வையுங்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு வாங்கப் பணமில்லையென்றால் பழைய டீசர்ட்டின் கையை வெட்டி, நாலு காலுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். முதலில் நடக்கத் தெரியாததுபோல் பின்னால் போகும், பிறகு பழகிவிடும். கருத்தடையைத் தடுப்பூசி ஓரளவு முடிந்தபின் வைத்துக்கொண்டால் நல்லது. எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள், சின்னக் குட்டி பெரிய பூனையைப்போல் ராமுழுக்கப் பட்டினி தாங்காது.

கைவைத்தியத்தில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பாதி மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதையும் பூனைமேல் விடாதீர்கள்.

வீட்டில் பெட்டைக்குட்டி இருக்கிறதா? அதற்கு நாலு மாதம் ஆகும் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்து, அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் நாள் கேளுங்கள்.