கமிஷன் கடைப் பேரேட்டில் இரண்டு மாடசாமிகள்

சிறு வணிகம் ஒன்றின் எக்ஸெல் தாள்களில் நேரடியாகத் தட்டச்சு செய்ய விடாமல், குறிப்பிட்ட சில கட்டங்களைக் கொண்ட படிவத்தைத் திரையில் காட்டி, அதில் இடப்படுவதைச் சோதித்த பிறகே தாளில் சேர்க்கும் கணினி நிரலைப் பதிவு நிரல் எனலாம். இத்தகைய நிரலை எழுதுவது கடினமன்று. முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவற்றை விட்டுவிட்டு, திரையின் நிறத்தையும் பொத்தான்களின் இடத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதே அதனைக் கடினமாக்குகிறது. தென்காசி மாவட்டம் சிவகிரியில் எலுமிச்சை கமிஷன் கடை ஒன்றுக்கு எழுதப்பட்ட நிரலும், அதன் முதல் கோடையில் நேர்ந்த பண இழப்பும், அந்த இழப்புக்கு நிரலே காரணம் என்று கடைத்தெருவில் இன்றளவும் நிலவும் தவறான கருத்தும் இங்கு ஆராயப்படுகின்றன.

கமிஷன் கடை என்பது சரக்கை விலைக்கு வாங்கும் கடையன்று. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து விவசாயிகள் கொண்டுவரும் எலுமிச்சையை அவர்கள் சார்பில் விற்றுக்கொடுத்து, விற்ற தொகையில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் இடைநிலை அமைப்பு அது. எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்ற புளியங்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வணிகம் பெரும்பாலும் இவ்வழியே நடைபெறுகிறது. காய்ப்பு இல்லாத மாதங்களில் கடை விவசாயிக்கு முன்பணம் தருகிறது. காய் வரும்போது விற்பனைத் தொகையிலிருந்து கமிஷன், இறக்குக்கூலி, சாக்கு விலை ஆகியவற்றோடு முன்பணத்தின் ஒரு பகுதியையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு எடைச்சீட்டும் அன்றைய விற்பனைக் கணக்காகவும் பழைய கடனுக்கான வரவாகவும் ஒரே நேரத்தில் விளங்குகிறது. காகித முறையில் அன்றாட நிகழ்வுகள் நாள்வழியிலும், ஆள்வாரியான பற்றுவரவு பேரேட்டிலும் எழுதப்பட்டன. மாடசாமி என்ற பெயருடையோர் பலர் இருந்தால், நாள்வழியிலிருந்து எந்த மாடசாமியின் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைக் கணக்குப்பிள்ளையின் நினைவே தீர்மானித்தது. கணினிக்கு அந்த நினைவு இல்லை என்பதைக் கடை உரிமையாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

நிரலின் வழக்கமான பகுதிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். எக்ஸெலிலேயே புதைந்துள்ள ஆயத்தப் படிவம் 32 நெடுவரிசைகளுக்கு மேல் ஏற்காது, தானாகச் சோதனையும் செய்யாது. ஆகையால் எக்ஸெலுடன் வரும் விபிஏ மொழியில் தனிப் படிவம் அமைத்தல், எடை, விலை, மூட்டை எண்ணிக்கை ஆகிய கட்டங்களில் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காதிருத்தல், பதிவுத் தாளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுதல், ஒவ்வொரு நாளும் கடையடைக்கும் முன் பென்டிரைவில் ஒரு படி எடுத்தல் ஆகியன போதும். இவற்றை விளக்கும் காணொளிகள் தமிழிலேயே ஏராளம். கடையில் கணினி ஒன்றே, அதை இயக்குபவர் ஒருவரே, அவரும் எடைச்சீட்டுகளை மாலையில் மொத்தமாக ஏற்றுபவர் என்ற நிலையில் இதற்கு மேல் தேவையில்லை. சிறு கடைகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன.

பெரும் இழப்புக்குக் காரணமான முடிவு ஒன்றே ஒன்று: விவசாயியை அவருடைய பெயரால் அடையாளம் காண்பது. ஒவ்வொருவருக்கும் தனி எண் தர வேண்டும் என்று தொடக்கத்திலேயே கூறப்பட்டது. தலைமுறைகளாக வந்துபோகும் மனிதர்களுக்கு எண் போடுவது மரியாதைக் குறைவு என்று உரிமையாளர் தரப்பில் மறுக்கப்பட்டதும், பெயரோடு முன்னெழுத்தையும் சேர்த்தால் போதும் என்று அங்கே முடிவானதும் பின்னர் வசதியாக மறக்கப்பட்டன.

முன்னெழுத்து ஏன் போதாது என்பது இவ்வட்டாரத்தின் பெயரிடும் முறையை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது இங்கு வழக்கம். முன்னெழுத்தாகத் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கிறது. எனவே கருப்பசாமியின் மகன் மாடசாமி, அவருடைய மகன் கருப்பசாமி, அவருடைய மகன் மாடசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும் குடும்பத்தில் தாத்தாவும் க. மாடசாமி, பேரனும் க. மாடசாமி. (பெயர்கள் இங்கு மாற்றித் தரப்பட்டுள்ளன.) இருவரும் ஒரே வீட்டில் இருந்தவரை இதனால் தொல்லையில்லை. பாகப்பிரிவினைக்குப் பின் தோட்டம் இரண்டாகி, பேச்சுவார்த்தையும் நின்றுபோன நிலையில், இரு க. மாடசாமிகளும் ஒரே கடைக்குத் தனித்தனியே காய் போட்டனர்.

முன்பண நிலுவையை எடுத்துவர நிரலில் பயன்பட்டது எக்ஸெலின் வீலுக்அப் என்னும் தேடல் சார்பு. ஒரு மதிப்பைக் கொடுத்தால், பட்டியலின் முதல் நெடுவரிசையில் அதைத் தேடி, அதே வரிசையில் உள்ள வேறொரு தகவலைத் தருவது இதன் பணி; துல்லியமான பொருத்தத்தைக் கேட்கும்போது, ஒரே பெயர் இரண்டு வரிசைகளில் இருந்தால் மேலிருந்து முதலில் எதிர்ப்படும் வரிசையையே எப்போதும் தரும், இன்னொன்று இருப்பதாக எச்சரிக்காது. இதனால், பட்டியலில் மேலே நின்ற பேரன் வாங்கிய முன்பணம் தாத்தாவின் எலுமிச்சைத் தொகையில் கழிக்கப்பட்டது. பேரனின் கடன் அவர் செலுத்தாமலேயே குறைந்துகொண்டு வந்தது. விலை ஏறி நின்ற கோடையில் தொகைகள் பெரியனவாக இருந்தன. தாத்தா கடைக்கு வந்து கேட்டபோது, கணினி சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பதில் தரப்பட்டது. நிரலைக் குறைகூறுவோர் இந்தப் பதிலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இறுதியில் அவருக்குக் கடை தன் கைப்பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. பேரனோ அதற்குள் வேறு கடைக்கு மாறிவிட்டார். தம் கடன் தீர்ந்ததற்குக் கடை கொடுத்த அச்சிட்ட சீட்டு அவரிடம் இருந்தது.

தரவுத்தள இயலில் இச்சிக்கலுக்கான விடை மிகப் பழையது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த உறவுமுறை மாதிரியில், ஒவ்வொரு வரிசையையும் ஐயமின்றிச் சுட்டும் மதிப்பு முதன்மைத் திறவு எனப்படுகிறது. பெயர் அதற்குத் தகுதியற்றது. செல்பேசி எண்ணும் தகுதியற்றது. பல குடும்பங்களில் ஒரே செல்பேசிதான், அதன் எண்ணும் மாறக்கூடும். ஆதார் எண் தனித்தன்மை உடையதுதான் எனினும், கமிஷன் கடையின் பூட்டில்லாத கணினியில் ஊரார் ஆதாரைச் சேர்த்து வைப்பது வீண் பொறுப்பு. ஊர்ப் பெயரின் முதலெழுத்தை எண்ணில் சேர்க்கலாம் என்ற யோசனையும் பயன் தராது. ஆள் ஊர் மாறுவார், எண் மாறக் கூடாது. ஊர்ப் பெயரும் நம்பத்தக்கதன்று: ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி உண்டு, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதற்கு முந்தைய முகவரிகளில் இக்கடையுள்ள சிவகிரி திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. எவ்வகைப் பொருளும் இல்லாத வெறும் தொடர் எண்ணே சிறந்தது.

கையெழுத்துச் சீட்டிலிருந்து எண்ணை ஏற்றும்போது இலக்கங்கள் இடம் மாறக்கூடும் என்பதால், தொடர் எண்ணின் இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்ப்பது நன்று. இது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் கூடுதல் இலக்கம். ஆதாரின் பன்னிரண்டாம் இலக்கமும் பழைய பத்திலக்கப் புத்தக எண்ணின் கடைசிக் குறியும் இத்தகையனவே. தொடர் எண் 347 எனில், இலக்கங்களை முறையே 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட 12 + 12 + 14 = 38 வரும்; இதை 11-ஆல் மீதியின்றி வகுபடச் செய்ய இன்னும் 6 தேவை என்பதால் முழு எண் 3476. கைதவறி 3746 என்று ஏற்றினால் கூட்டுத்தொகை 47 ஆகும். 11-ஆல் வகுபடாததால் படிவம் அதை ஏற்காது. தேவைப்படும் இலக்கம் பத்தாக அமையும் தொடர் எண்களை யாருக்கும் தராமல் விட்டுவிடலாம். கோடையின் இழப்புக்குப் பிறகு இம்முறை அக்கடையில் நடைமுறைக்கு வந்தது. மரியாதைக் குறைவாக எந்த விவசாயியும் இதைக் கருதவில்லை. தம் எண்ணைத் தாமே சாக்கில் எழுதிக் கொண்டுவருவோரும் உண்டு.

பெயரைத் திறவாகக் கொள்வதில் தமிழ் எழுத்து சார்ந்த இடர் ஒன்றும் உள்ளது. பழைய தாள்களில் பெயர்கள் வானவில் போன்ற எழுத்துருக்களில் ஏறியிருந்தால், திரையில் தமிழாகத் தெரிவது கோப்பினுள் ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே குறியெண் வழங்கும் ஒருங்குறிக்கு அவற்றை மாற்றாமல் இணைக்க இயலாது. ஒருங்குறியிலும் கொம்பையா என்ற பெயரின் முதலெழுத்தை, ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவோ, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவோ இட்டு எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்ஸெலுக்கு இரு வேறு ஆட்கள். மேலும் விபிஏ எழுதும் சாளரம் ஒருங்குறியை ஏற்பதில்லை. அங்கே தட்டச்சிடும் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். படிவத்தின் தமிழ்ச் சொற்களைத் தனித் தாளின் கட்டங்களில் எழுதி வைத்து, நிரல் இயங்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்வதே வழி.

தேதியும் வங்கிக் கணக்கு எண்ணும் இதே இனத்தைச் சேர்ந்தவை. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/08 என்பது ஆகஸ்ட் ஐந்தாகாமல் மே எட்டாகிவிடும்; 13/08 என்பது தேதியாகாமல் வெற்றுச் சொல்லாக நின்றுவிடும்; நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை மூன்று கட்டங்களில் கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது. எண்களில் 15 இலக்கங்களை மட்டுமே எக்ஸெல் துல்லியமாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்கக் கணக்கு எண்ணின் இறுதி இலக்கம் சுழியமாகிவிடும். தொடக்கத்திலுள்ள சுழியங்களும் மறைந்துவிடும். கணக்கு எண், கூட்டிக் கழிக்கும் எண்ணன்று. அதைச் சொல்லாகவே சேமிக்க வேண்டும். இவற்றைக் கவனிக்கத் தவறுவோர் சிற்றூர்க் கணக்குப்பிள்ளைகள் மட்டுமல்லர். சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்களான மார்ச்1, செப்ட்1 ஆகியவற்றை எக்ஸெல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அறிவியலாளர்கள் 2020-இல் அம்மரபணுக்களின் பெயரையே மாற்றினர். அதே ஆண்டு இங்கிலாந்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாத பழைய வகைக் கோப்பு நிரம்பியதால், ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் சேராமல் விடுபட்டது.

சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் மென்பொருள் துறை உறவினர்கள், இவ்வளவு பாடும் எதற்கு, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனமே இருக்கிறதே, அதன் கிரியேட்டர் என்னும் இணையச் சேவையில் ஒரு மாலையில் படிவம் செய்துவிடலாமே என்று கேட்பதுண்டு. படிவம் செய்துவிடலாம் என்பது உண்மை. அத்தகைய சேவைகள் ஒவ்வொரு பதிவுக்கும் தாமே ஓர் எண் தருகின்றன. ஆனால் அவ்வெண் பதிவுக்கு உரியது, மனிதருக்கு உரியதன்று. ஒரே மனிதரை இருமுறை புதியவராகச் சேர்த்தால் இரண்டு எண்கள் தரும், இருவரை ஒருவராகச் சேர்த்தால் ஒரே எண் தரும். மாதக் கட்டணமும், இணையம் இல்லாத காலையிலும் காய் வந்து இறங்கும் என்பதும் வேறு. எக்ஸெலைத் தேர்ந்தது அறியாமையால் என்று சொல்வோர், கணக்குப்பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கருவி அது ஒன்றே என்பதைக் கருதுவதில்லை.

எண் முறையைத் தொடங்குவோர் அதற்கெனக் கையால் எழுதிய பதிவேடு ஒன்றை வைத்து, எண், பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் இடம், எண் தந்த தேதி ஆகியவற்றோடு விவசாயியின் கையொப்பத்தையும் அதில் பெற வேண்டும். கணினி கெட்டாலும் இது கெடாது. ஒருவர் இறந்தாலோ தோட்டத்தை விற்றாலோ அவருடைய எண்ணை வேறொருவருக்குத் தரக் கூடாது; வாரிசுக்குப் புதிய எண் தந்து, பழைய முன்பண நிலுவையைத் தனிப் பதிவாக அவ்வெண்ணுக்கு மாற்றி, அதற்கும் கையொப்பம் பெற வேண்டும். பெயரால் தேடும் வசதி படிவத்தில் இருக்கலாம். ஆனால் தேடலின் விடையாக ஒரே பெயருடைய எல்லோரும் தந்தை பெயருடனும் தோட்டத்துடனும் பட்டியலாகத் தெரிய வேண்டும், அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்த பின்னரே நிலுவை திரைக்கு வர வேண்டும். எண் வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே நிரலைத் தொடங்க வேண்டும். கூலியில் பாதியையும் அப்போதே வாங்கிவிடுவது நல்லது.