அலையும் ஆறும் சேரும் தரங்கம்பாடி

கேள்வி: மேச்சேரியிலிருந்து சனி, ஞாயிறு இரு நாள்களில் சென்று திரும்ப, ஆறும் கடலும் அருகருகே அமைந்த பழைய ஊர் எது?

பதில்: மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி. சேலம், திருச்சி, கும்பகோணம் வழியாகச் செல்லும் பயணம் பல இடங்களில் காவிரியை ஒட்டி அமைவதால், 1934இல் எழுந்த மேட்டூர் அணைக்கு அருகே மேச்சேரியில் வாழ்வோருக்கு அந்த ஆற்றைத் தொடர்ந்து கடல்வரை செல்வதே ஒரு தனி ஈர்ப்பாகும். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் 1620இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி டேனியர், அதாவது டென்மார்க் நாட்டார், உப்பனாறு கடலை நெருங்கும் இவ்விடத்தில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை வணிகம் நடத்தினர். அவர்களின் அரச முத்திரை பொறித்த வெண்ணிற நகரவாயிலும் அரசர் வீதியின் தூண் வைத்த வீடுகளும் இன்றும் நிற்கின்றன. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு இங்கு நிறுவிய அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியதால், கோட்டையைவிட அச்சு வரலாறே இவ்வூரின் பெரும்பேறு எனலாம். கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. ஞாயிறு காலையில், காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரையும் கண்டு திரும்பலாம்.