பூட்டுக் கம்பெனியை நடத்தியவர்கள்

ஹௌராவில் சென்னை மெயில் ஏறும் நம்மவர் பெரும்பாலோர், இருக்கைக்கு அடியில் பெட்டியைத் தள்ளியதும் செய்யும் முதற்காரியம் சங்கிலி கோத்துப் பூட்டுவதுதான். பூட்டு திண்டுக்கல் பூட்டாக இருந்துவிட்டால் மனத்துக்கு இன்னும் சற்றுத் தெம்பு. திண்டுக்கல்லில் பூட்டு செய்யும் முறை ஊரறிந்த விஷயம். பட்டறை வாசலில் நின்று அதைப் பார்த்தவன் எல்லாம் நம் பெட்டியைத் திறந்துவிட முடியாது. இரகசியம் செய்முறையில் இல்லை, நம் இடுப்பில் செருகியிருக்கும் சாவியில் இருக்கிறது. சங்கேத எழுத்துக்கும் இதுவே விதி என்று 1883-ஆம் ஆண்டிலேயே கெர்க்காஃப்ஸ் என்ற டச்சு அறிஞர் எழுதினார். முறை பகைவன் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது. சாவி ஒன்று மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

நம்மில் சிலர் படிப்பு முடிந்தபின் நாடும் உத்தியோகங்களில், செய்திகளைச் சங்கேதமாக்கிக் காக்கும் கம்பெனிகளின் வேலையும் ஒன்று. அக்கம்பெனிகள் தம் தலைவர்களின் படங்களை வரிசையாகப் போட்டு, இவர் இன்ன பட்டம் பெற்றவர், அவர் இத்தனை ஆண்டு அனுபவம் உடையவர் என்று காட்டுகின்றன. அந்த வரிசையை நாம் எப்படிப் படிப்பது? யாரைக் கண்டு நம்புவது? இத்துறையில் மிகவும் பெயர் பெற்ற ஆர்.எஸ்.ஏ. கம்பெனியின் வரலாற்றில் இதற்கு விடை தேடலாம். அவ்வரலாற்றின் ஒரு கிளை நம் கல்கத்தா வரை நீண்டு வருகிறது.

ஆர்.எஸ்.ஏ. என்பன மூன்று பெயர்களின் முதலெழுத்துக்கள்: ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன். மூவரும் 1977-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தனர். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. பூட்டும் சாவியை உலகறியக் கொடுத்துவிடலாம் என்ற கருத்தை அதற்கு முந்திய ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டிருந்தனர். கருத்து இருந்தது; அதைச் செய்து காட்டும் கணிதம் இல்லை. ரிவெஸ்டும் ஷமீரும் புதுப்புது முறைகளை எழுதிக்கொண்டு வருவார்கள். எண் கணிதத்தில் வல்லவரான அடில்மன் அவற்றை உடைத்துப் போடுவார். இப்படிப் பல மாதங்கள் கழிந்தன. ஏப்ரல் மாதத்தில் ஓரிரவு ரிவெஸ்ட் கண்ட முறையை மட்டும் அடில்மனால் உடைக்க முடியவில்லை. கட்டுரை எழுதியபோது, நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, என் பெயர் வேண்டாம் என்றாராம் அடில்மன். பிறகு இசைந்து, கடைசிப் பெயராகப் போடச் சொன்னார். எனக்குத் தோன்றுவது, அந்த மூவரில் அவருடைய பங்கே மற்றவர்க்கு எளிதில் கிடைக்காத பங்கு. செய்பவர் பலர் உண்டு; தோழன் செய்ததை முகத்துக்கு நேரே உடைப்பவர் சிலரே.

முறையைச் சிறு எண்களில் பார்ப்போம். 3, 11 என்ற இரு பகா எண்களைப் பெருக்கினால் 33. இதுவே பூட்டு எண்; யாருக்கும் சொல்லலாம். கூடவே 3 என்ற பொது எண்ணையும் சொல்லிவிடலாம். நீங்கள் எனக்கு 4 என்ற எண்ணை மறைவாக அனுப்ப வேண்டுமானால், 4-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள்: 64. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31-ஐ ஊரறிய அனுப்பலாம். என்னிடம் மட்டும் 7 என்ற இரகசிய எண் இருக்கிறது. 31-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்கி 33-ஆல் வகுத்தால் மீதி 4 வந்துவிடும். (31 என்பது 33-க்கு இரண்டு குறைவு என்று கண்டுகொண்டால் பெருக்கல் சுருங்கும்.) 7 எங்கிருந்து வந்தது? பகா எண்களில் ஒவ்வொன்று குறைத்து, 2-ஐயும் 10-ஐயும் பெருக்கினால் 20. பொது எண்ணாகிய 3-ஐ எதனால் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வருமோ, அதுவே இரகசிய எண். ஆகவே 33-ஐ 3, 11 என்று பிரிக்கத் தெரிந்தவன் சாவியைச் செய்துகொள்வான். 33-ஐச் சிறுபிள்ளையும் பிரிக்கும்; பல நூறு இலக்கமுள்ள எண்ணைப் பிரிப்பது எப்படி?

அதையும் உலகத்தார் முயன்று பார்க்கட்டும் என்று அவர்கள் விட்டனர். 1977 ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பகுதியில் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டார். பிரித்து உள்ளிருக்கும் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு. கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று ரிவெஸ்ட் மதிப்பிட்டிருந்தார். 17 ஆண்டில், 1994 ஏப்ரலில், ஏறக்குறைய 600 தொண்டர்கள் தம் கணிப்பொறிகளைக் கொண்டு எட்டு மாதம் உழைத்துப் பிரித்துவிட்டனர். இதனால் முறை அழிந்துவிடவில்லை. எத்தனை இலக்கம் போதாது என்பது விளங்கிற்று, எண்கள் நீண்டன.

கம்பெனி பிறந்தது 1982-இல். முதல் தலைவர் அடில்மன். மறு ஆண்டு காப்புரிமை கிடைத்தது, வியாபாரம் கிடைக்கவில்லை. பேராசிரியர்கள் மூவருக்கும் பாடம் நடத்தும் வேலை இருந்தது. கம்பெனி நலிந்து கிடந்த 1986-இல் உள்ளே வந்தவர் ஜிம் பிட்சோஸ், கிரேக்க நாட்டில் பிறந்தவர். அவர் கணித அறிஞர் அல்லர், விற்கத் தெரிந்தவர். லோட்டஸ் கம்பெனிக்கு விற்றார்; பிறகு பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1995-இல் வெரிசைன் என்ற மற்றொரு கம்பெனி இதிலிருந்து கிளைத்தது. பிட்சோஸைப் புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. ஃபில் சிம்மர்மன் என்பவர் 1991-இல் பொதுமக்களுக்கென்று ஒரு சங்கேதச் செயலியை இலவசமாகக் கொடுத்தபோது, காப்புரிமையைக் காட்டி அவரோடு மல்லுக்கு நின்றவரும் இவரே. ஆயினும் 1993-இல் அமெரிக்க அரசாங்கம், ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு மறுசாவி அரசாங்கத்திடம் இருக்கும்படி கிளிப்பர் என்ற சில்லைக் கொணர்ந்தபோது, அதை மூழ்கடிப்போம் என்று சுவரொட்டி அச்சிட்டு எதிர்த்தார். வியாபார நலனும் அதில் இருந்தது என்பர். இருக்கட்டுமே, வாங்குபவன் நலனும் விற்பவன் நலனும் அன்று ஒரே பக்கம் நின்றன.

1996-இல் கம்பெனி கைமாறியது, 2006-இல் ஈ.எம்.சி. என்ற பெரிய கம்பெனி 210 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் மட்டும் ஆர்.எஸ்.ஏ. என்றே இருந்தது; நிறுவிய மூவரும் அதை நடத்துபவர் அல்லர். சாவி செய்யச் சீட்டுக் குலுக்குவதுபோல் எண்களைத் தரவேண்டும். அதற்கான முறைகளில் டூயல் ஈ.சி. என்பதைக் கம்பெனி தன் சரக்கில் முதல் தேர்வாக வைத்திருந்தது. 2007-இல் மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சியாளர்கள் ஷுமோ, ஃபெர்குசன் இருவர் ஒரு கூட்டத்தில் எச்சரித்தனர்: இம்முறையின் நிலையான எண்களைத் தேர்ந்தெடுத்தவர் ஓர் இரகசியத்தை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் சீட்டையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடும். எச்சரிக்கை அச்சிலும் வந்தது. அதன்பின் ஆறாண்டு கழிந்து, ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்த பிறகே, 2013 செப்டம்பரில், இதைக் கைவிடுங்கள் என்று கம்பெனி வாடிக்கையாளரிடம் சொல்லிற்று. அமெரிக்க உளவு நிறுவனத்தோடு 1 கோடி டாலர் ஒப்பந்தம் இருந்ததென்று அவ்வாண்டு டிசம்பரில் ராய்ட்டர் எழுதியது. தெரிந்தே பழுதான முறையைச் சேர்க்கவில்லை என்று கம்பெனி மறுத்தது. அந்த மறுப்பை ஏற்றாலும் ஒரு கேள்வி நிற்கிறது. 2007-க்குப் பின் அந்த நிர்வாகிகளின் மேசையருகே, இது உடையும், எடுத்து எறியுங்கள் என்று சொல்லி வெல்லக்கூடிய அடில்மன் ஒருவர் ஏன் இல்லை?

இனிக் கல்கத்தா. 1987-இல் ரிவெஸ்ட் அக்கம்பெனிக்காக ஆர்.சி.4 என்ற சங்கேத முறையை அமைத்தார். 0 முதல் 255 வரையுள்ள எண்களை ஒழுங்கின்றி உமிழும் ஓர் இயந்திரம் என்று அதைக் கொள்ளலாம். தம் பெயர் பெற்ற முறையை உலகுக்குத் திறந்து வைத்த அவர்களே இதைத் தொழில் இரகசியமாக மூடி வைத்தனர். 1994 செப்டம்பரில் பெயர் தெரியாத ஒருவர் அதை இணையத்தில் அம்பலப்படுத்தினார். பின்னர்தான் சோதனை தொடங்கிற்று. இரண்டாவதாக வரும் எண் சுழியமாக இருக்க 256-இல் ஒரு வாய்ப்பே இருக்கவேண்டும். ஏறக்குறைய இரண்டு வாய்ப்பு இருக்கிறது என்று 2001-இல் மான்டினும் ஷமீரும் காட்டினர். ஆம், கம்பெனியை நிறுவியவருள் ஒருவரான அதே ஷமீர்!

பி.டி. சாலை வழியே பராநகர் சென்றால் மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய கணித மேதை ஆர்.சி. போஸ் பெயரால் சங்கேதவியல் மையம் ஒன்றும் அங்கே உண்டு. அக்கழகத்தின் பேராசிரியர் பிமல் ராய் முதலியோரின் முயற்சியால் 2000-ஆம் ஆண்டில் இண்டோகிரிப்ட் என்ற சர்வதேச மாநாடு இந்நகரில் தொடங்கியது. மறு ஆண்டு நம் சென்னையில் கூடியது. அக்கழகத்தைச் சேர்ந்த சுபமய் மைத்ரா, சௌரவ் சென்குப்தா, அவர்களோடு கௌதம் பால் ஆகிய மூவரும் 2011-இல், இரண்டாவது எண் மட்டுமன்று, மூன்றாவது முதல் 255-ஆவது வரை எல்லாமே சுழியத்தின் பக்கம் சற்றுச் சாய்கின்றன என்று நிறுவினர். இத்தகைய சாய்வுகளைக் கொண்டே 2013-இல் வேறோர் ஆராய்ச்சிக் குழு இணையச் செய்திகளை மீட்டுக் காட்டியது. 2015 பிப்ரவரியில் இணையத்தின் பாதுகாப்பு விதிகள் ஆர்.சி.4-ஐ விலக்கிவிட்டன. 28 ஆண்டு ஓடிய பூட்டு! அதன் மறைவு நீடித்தவரை, அதைச் சோதிக்க நம் பராநகரத்தாருக்கு வழியே இல்லை என்பதையும் கவனியுங்கள். அவர்களை அக்கம்பெனி வேலைக்கு அமர்த்தவுமில்லை. சம்பளமின்றி அடில்மன் வேலையைச் செய்து கொடுத்தனர்.

அந்த வேலையில் விருப்பமுள்ள நம் சங்க நண்பர்களுக்கு ஒரு கணக்கு. பூட்டு எண் 55. பொது எண் 3. எனக்கு வந்த சங்கேதம் 14. உள்ளே இருக்கும் எண் எது? 1 முதல் 54 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவருக்கும் விடை வரும். 55-ஐப் பிரித்து, இரகசிய எண்ணைக் கண்டு, அதைக் கொண்டு திறந்து வருபவருக்கு அடுத்த கூட்டத்தில் தேநீர் என் செலவு.