இங்கே விவசாயி, இமாச்சலில் யார்?

கேள்வி: எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். இமாச்சலப் பிரதேசம், சோலன் மாவட்டத்தில் உள்ள பத்தி என்ற ஊருக்குப் போனால் பதவி உயர்வும் கூடுதல் சம்பளமும் தருவதாகச் சொல்கிறார்கள். மாமனார் காலமான பிறகு அவருடைய இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தில் நாங்கள்தான் தக்காளியும் முருங்கையும் போட்டு வருகிறோம். அதை விற்றுவிட்டு அங்கே ஆப்பிள் தோட்டம் வாங்கலாம் என்கிறார் இவர். "வெளிமாநிலத்தார் பெயரில் கிரயம் ஆகாது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி உங்களுக்குப் பவர் எழுதித் தருகிறோம்" என்று அங்குள்ள புரோக்கர் போனில் சொன்னாராம். மகள் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்று ஆசை. நாங்கள் ஆதிதிராவிடர். ஊரை விட்டுப் போனால் சாதிச் சான்றிதழ் செல்லாது, நிலமும் கொழுந்தனார் கைக்குப் போய்விடும் என்று மாமியார் பயப்படுகிறார். நாங்கள் போகலாமா, வேண்டாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. வேலைக்குப் போவது, அங்கே நிலம் வாங்குவது, இங்குள்ள நிலத்தை விற்பது, மகளின் படிப்பை மாற்றுவது. வீட்டில் இவை நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். சட்டம் நான்குக்கும் வேறு வேறு பதில் சொல்கிறது.

முதலில் வேலை. இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் போகவும், அங்கே தங்கிக் குடியிருக்கவும், தொழில் செய்யவும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் உரிமை தருகிறது. நாகாலாந்து, மிசோரம், அருணாச்சலம், மணிப்பூர் போன்ற மாநிலங்களுக்கு வெளியார் நுழையத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். இமாச்சலுக்கு அது தேவையில்லை. உங்கள் வீட்டுக்காரர் நாளைக்கே ரயில் ஏறலாம். வருங்கால வைப்பு நிதிக்கான யுஏஎன் எண்ணும் மாறாது. இடமாறுதல் உத்தரவில் பழைய பணிக்காலம் தொடர்கிறதா, புதிய நியமனமாகக் காட்டுகிறார்களா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். புதிய நியமனம் என்றால் கிராஜுவிட்டிக் கணக்கு அடிபடும்.

அடுத்தது ஆப்பிள் தோட்டம். இங்கேதான் கதவு சாத்தியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் இமாச்சலப் பிரதேசக் குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, விவசாயி அல்லாதவருக்கு நிலத்தைக் கைமாற்றுவது செல்லாது என்கிறது. கிரயம், தானம், பரிவர்த்தனை, குத்தகை, சுவாதீன அடமானம் எதுவானாலும் இதே விதிதான். "நாங்கள் பரம்பரை விவசாயிகள் ஆயிற்றே" என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயி என்றால் இமாச்சல எல்லைக்குள் நிலம் வைத்து, அதைத் தானே பயிர் செய்பவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு நீங்கள் எத்தனை பெட்டி தக்காளி அனுப்பினாலும் சோலனில் நீங்கள் விவசாயி அல்ல. இத்தனைக்கும் சோலனும் தக்காளிக்குப் பேர்போன மாவட்டம்தான்!

குடியிருக்க உரிமை இருக்கும்போது நிலம் வாங்க உரிமை இல்லையா என்ற சந்தேகம் நியாயமானது. ஒரு காலத்தில் சொத்து வாங்குவதும் வைத்திருப்பதும் 19ஆம் பிரிவிலேயே அடிப்படை உரிமையாக இருந்தது. 1978இல் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் அதை நீக்கிவிட்டது. சொத்துரிமை இன்று சட்ட உரிமைதான், அடிப்படை உரிமை அல்ல. 118ஆம் பிரிவின் நோக்கம் சிறு நிலம் வைத்திருக்கும் மலை விவசாயிகளைக் காப்பது என்று 2023இல் அஜய் டப்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

இந்தச் சட்டத்தின் மேல் கோபப்படும் முன் நம் ஊர்ப் பஞ்சமி நிலத்தை நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது என்பது நிபந்தனை. பணம் உள்ளவன் வந்து கேட்டால் பணம் இல்லாதவன் நிலத்தைக் கொடுத்துவிடுவான், அப்படிக் கொடுக்க விடக்கூடாது என்ற அதே எண்ணம்தான் அங்கேயும் இருக்கிறது. அங்கே நாம் வேலிக்கு வெளியே நிற்கிறோம், அவ்வளவுதான்.

சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. மாநில அரசிடம் முன் அனுமதி பெற்று, வீடு கட்ட 500 சதுர மீட்டர் வரை, அதாவது 12 செண்டுக்குச் சற்று அதிகமாக, வாங்க விண்ணப்பிக்கலாம். வாங்கிய நிலத்தை, அனுமதி பெற்ற நோக்கத்துக்குக் குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். நகராட்சி எல்லைக்குள் வீட்டை வாடகைக்கு எடுக்க இந்தத் தடை இல்லை. ஆகவே குடியிருக்கச் சிக்கல் வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தி மலையடிவாரத்துத் தொழில் நகரம். ஆப்பிள் பெருமளவில் விளைவது சிம்லா, குல்லு, கின்னௌர் மாவட்டங்களின் உயரங்களில். வேலை ஓரிடம், தோட்டம் வேறிடம் என்றுதான் அமையும்.

புரோக்கர் காட்டும் வழிக்கு வருகிறேன். அது குறுக்குவழி அல்ல, குழி. வேறொருவர் பெயரில் நிலத்தை வாங்கி, பவர் பத்திரத்தின் மூலம் வெளியாரிடம் சுவாதீனம் கொடுப்பதை முன்கூட்டியே யோசித்து, அதுவும் தடை செய்யப்பட்ட கைமாற்றமே என்று 118ஆம் பிரிவின் விளக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தால் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்குப் போய்ச் சேரும். பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இது போதாதென்று பினாமிச் சட்டம் வேறு இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு அதில் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும், சொத்தின் சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதமும் விதிக்கலாம். பெயர் கொடுத்த உள்ளூர்க்காரர் நாளை "இது என் நிலம்" என்றால் எந்த நீதிமன்றத்துக்கும் நீங்கள் சுத்தமான கையோடு போக முடியாது.

இப்போது மாமியாரின் பயம். அதில் பாதி உண்மை. ஊர் மாறினால் உங்கள் சாதிச் சான்றிதழ் செத்துப்போவதில்லை. தமிழ்நாட்டில் நீங்கள் என்றும் ஆதிதிராவிடர்தான். மத்திய அரசு வேலைகளிலும் மத்தியக் கல்வி நிறுவனங்களிலும் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி இடஒதுக்கீடு கேட்கலாம். ஆனால் இமாச்சல அரசின் இடஒதுக்கீட்டில் உங்களுக்கு இடமில்லை. பட்டியல் சாதிகளை அந்தந்த மாநிலத்துக்கு என்றுதான் 341ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கிறார்கள்.

இதற்கு அடிப்படையான தீர்ப்பு உங்கள் வீட்டுக் கதையைப் போலவே இருக்கும். ஆந்திராவின் தெனாலியைச் சேர்ந்த ஒரு பழங்குடிக் குடும்பம். தந்தைக்கு உர நிறுவனத்தில் வேலை கிடைத்துப் பம்பாய்க்குக் குடிபோனார்கள். மகன் அங்கேயே படித்து, பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டான். கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் மாநில அரசு வேலைகளுக்கு இதையே உறுதிசெய்தார்கள்.

மகளின் படிப்புக்குத்தான் இந்தத் தீர்ப்பைவிடக் கவனமான கணக்கு வேண்டும். அவள் பெற்றிருக்கும் வாய்ப்புகள் பள்ளி வகுப்பறையோடு கட்டப்பட்டவை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. அதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாண்டு முடிக்கப் போகிறாள், மிச்சம் இரண்டே ஆண்டு. பிளஸ் ஒன்னுக்கு வெளிமாநிலம் போனால் அந்த ஐந்தாண்டுக்கும் கணக்கு இல்லை. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் தரும் 20 சதவீத முன்னுரிமையும் பயிற்றுமொழி மாறினால் போய்விடும்.

போனாலும் எல்லாமே போய்விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், இருப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் கொடுத்து மாநில ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதமும் அப்போது அவளுக்கு உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களும் திறந்தே இருக்கும். ஆனால் அவள் கையில் இருக்கும் சாவிகளில் வலுவானது 7.5 சதவீதம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக, சம்பள உயர்வு மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

கடைசியாக, ஊர் நிலம். விற்கலாமா என்று கேட்கும் முன், அது யாருடையது என்று கேட்க வேண்டும். மாமனார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. பட்டா யார் பெயரில் இருந்தாலும், உழுவது யாரானாலும், பாகம் பிரிக்காத வரை உங்கள் வீட்டுக்காரர் தன் பங்கை மட்டுமே விற்க முடியும். கொழுந்தனார் எடுத்துக்கொள்வார் என்று மாமியார் சொல்கிறாரே, கொழுந்தனாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஊரில் இல்லாததால் உங்கள் பங்கும் அழியாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் வெறுமனே உழுது வருவதாலேயே மற்றவரின் உரிமை போய்விடாது. மற்றவருக்குப் பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து, பன்னிரண்டு ஆண்டு கழிந்தால்தான் ஆபத்து. அதற்கு இடம் கொடுக்காமல், போகும் முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, தனிப் பட்டா வாங்குங்கள். அது பஞ்சமி நிலமா என்பதைத் தாலுகா அலுவலகத்தின் பழைய பதிவேடுகளில் பாருங்கள்.

நிலத்தை யாரிடமாவது விட்டுப் போவதானால் வாய்வார்த்தை வேண்டாம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுபவர் பக்கம் நிற்கும். எழுத்து இல்லாமல் விட்டால் திரும்பி வந்து வெளியேற்றுவது எளிதல்ல. கொழுந்தனாருக்குப் பவர் கொடுத்தால் நிர்வாகத்துக்கு மட்டும் கொடுங்கள். விற்கும் அதிகாரம் சேர்க்காதீர்கள்.

மற்றவை சின்ன வேலைகள். வாக்காளர் பட்டியலில் படிவம் 8 கொடுத்து மாற்றுங்கள், இரண்டு ஊரிலும் பெயர் இருக்கக் கூடாது. வண்டியைக் கொண்டுபோனால் 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டு எண்ணில் ஓட்ட முடியாது. இங்குள்ள ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே புதிய எண் பெற வேண்டும். ரேஷன் அட்டை முன்னுரிமை அட்டையாக இருந்தால்தான் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அங்கே பொருள் கிடைக்கும். வருவாய் அலுவலகத்தில் ஜமாபந்தி என்று சொன்னால் நம் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை தாலுகாவில் நடக்கும் கணக்குத் தணிக்கை. இமாச்சலில் அது நில உரிமை ஆவணத்தின் பெயர். ஒரே வார்த்தைக்கே இரண்டு மாநிலத்தில் இரண்டு பொருள் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஆகவே என் ஆலோசனை இது. வேலை வேண்டுமானால் உங்கள் வீட்டுக்காரர் போகட்டும். வாடகை வீட்டில் இருக்கட்டும். மகள் பிளஸ் டூ முடிக்கும் வரை நீங்களும் அவளும் ஊரில் இருந்தால் சட்டப்படி நீங்கள் இழப்பது எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு பிரிந்திருக்க முடியுமா என்பது குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. முடியாது என்றால், எதை விட்டுப் போகிறோம் என்று மகளும் தெரிந்துகொண்டு எல்லாரும் சேர்ந்து போங்கள். இரண்டில் எதுவானாலும் நிலத்தை இப்போது விற்க வேண்டாம். விற்றால் அங்கே அதற்கு ஈடாக வாங்க முடியாது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு யோசிக்காதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். அந்தப் புரோக்கருக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் அனுப்பியிருந்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் போனில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால், அனுப்பாதீர்கள்.