பென் டிரைவ் பாடவில்லையா? டேஷ்போர்டைக் கழற்றாதீர்கள்

கார் ஆக்சசரீஸ் கடையில் வேலைக்குச் சேரும் இளைஞரிடம் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும் புகார் ஒன்று உண்டு: "தம்பி, பென் டிரைவ் போட்டா செட்டு பாட மாட்டேங்குது." சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையானாலும், தாலுகா ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சின்னக் கடையானாலும் இதே கதைதான். வண்டிக்காரர் வரும்போதே முடிவோடு வருவார்: செட் போய்விட்டது, மாற்ற வேண்டும். புது செட் விற்றால் கடைக்கும் லாபம். இரண்டு பக்கமும் இப்படிச் சாய்ந்திருக்கும்போது நடுவில் நிற்கும் நீங்கள் ஐந்து நிமிஷம் நிதானித்தால், பெரும்பாலும் செட்டில் கோளாறே இல்லை என்பது தெரிந்துவிடும். கோளாறு பென் டிரைவில் இருக்கும்.

அந்த ஐந்து நிமிஷத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். சர்வீஸ் சென்டரில் இருப்பவர்களுக்கும், டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இது உதவும்.

சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ்

டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் போல உங்களிடம் எப்போதும் இருக்க வேண்டியது, நன்றாகப் பாடும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பென் டிரைவ். 8 ஜிபி அல்லது 16 ஜிபி போதும். அதை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இரண்டே இரண்டு எம்பி3 ஃபைல்கள் போதும். சினிமாப் பாட்டு வேண்டாம்; உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஒன்றில் "இடது பக்கம்" என்று சொல்லி அந்த ஒலியை இடது ஸ்பீக்கருக்கு மட்டும் போகும்படி வையுங்கள். இன்னொன்றில் "வலது பக்கம்". இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் இதைச் சுலபமாகச் செய்யலாம். பென் டிரைவ் பாடுகிறதா என்பதோடு, ஸ்பீக்கர் ஒயர் மாறியிருக்கிறதா என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

வண்டி வந்ததும் முதல் வேலை, இந்தப் பென் டிரைவைச் செருகிப் பார்ப்பது.

"செட்டை மாத்திடலாமா தம்பி?"

"ஒரு நிமிஷம் சார், முதல்ல இதைப் போட்டுப் பார்த்திடுவோம்."

உங்கள் குரல் ஸ்பீக்கரில் வந்துவிட்டால் செட், ஒயரிங், போர்ட் மூன்றும் சரி. இனி டேஷ்போர்டில் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை. வாடிக்கையாளர் தன் காதாலேயே கேட்டுவிட்டதால் நீங்கள் விளக்கிச் சொல்லவும் அவசியமில்லை. இந்தத் தொழிலில் ஒருவர் உங்களை நம்பத் தொடங்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. செட் வாங்க வந்தவரிடம் "உங்க செட் நல்லா இருக்கு சார்" என்று சொல்லும் பையனைத் தேடித்தான் அடுத்த முறை ரிவர்ஸ் கேமரா போடவும், சீட் கவர் மாற்றவும் வருவார்.

உங்கள் பென் டிரைவும் பாடவில்லை என்றால் அப்போது வண்டியைப் பாருங்கள். செட்டில் சோர்ஸ் அல்லது மீடியா பட்டனை அழுத்தி யுஎஸ்பி தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியோவில் விட்டுவிட்டு "பாடலை" என்று வருகிறவர்களும் உண்டு. அடுத்தது போர்ட். யுஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள் இருக்கும்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் டேட்டா. சார்ஜ் ஏற்றுவதற்காக மட்டும் வைத்த போர்ட்டில் அந்த டேட்டா கம்பிகள் செட்டுக்குப் போய்ச் சேராது. பின் சீட்டுக்காரர்களுக்கு வைத்த போர்ட்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். புது வண்டிகளில் வரும் டைப்-சி போர்ட்களிலும் சில சார்ஜுக்கு மட்டுமே. மூன்று முனை சூலம் போன்ற யுஎஸ்பி குறியோ, இசைக் குறியோ பக்கத்தில் இருந்தால் அது டேட்டா போர்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மின்னல் குறியோ பேட்டரி படமோ மட்டும் இருந்தால் சார்ஜர். சந்தேகம் இருந்தால் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள். கிளவ் பாக்ஸிலேயே கிடக்கும், யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

வெளியே வாங்கிப் போட்ட செட் என்றால் பின்னாலிருந்து வரும் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சந்தேகப்படுங்கள். கிளவ் பாக்ஸ் மூடியில் நசுங்கியிருக்கும், அல்லது கப்ளரில் கழன்றிருக்கும். நல்ல ஒயர் ஒன்றை மாற்றிப் பாருங்கள். பிறகுதான் ஃபியூஸ். இவை எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் பாடவில்லை என்றால்தான் செட்டைக் கழற்றும் பேச்சே.

பழைய செட், புதிய பென் டிரைவ்

பத்து வருஷமாக நன்றாகப் பாடிய செட் திடீரென்று "நோ ஃபைல்" என்றோ "யுஎஸ்பி எரர்" என்றோ காட்டும். விசாரித்தால், "போன வாரம்தான் புது பென் டிரைவ் வாங்கினேன், 64 ஜிபி" என்பார். பதில் அதிலேயே இருக்கிறது.

பென் டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள் பல. ஃபேட்32 என்பது 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்தது. கார் செட்கள் ஏறக்குறைய எல்லாமே இதைப் படிக்கும். எக்ஸ்ஃபேட் 2006-இல் வந்தது. மைக்ரோசாஃப்டிடம் உரிமம் பெற்றுத்தான் அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதன் விவரக்குறிப்பை அந்த நிறுவனம் எல்லாருக்கும் வெளியிட்டது 2019-இல்தான். அதனால் அதற்கு முந்தைய செட்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பெரிய கொள்ளளவு பென் டிரைவ்கள் பல, கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. கம்ப்யூட்டரில் திறக்கும், மொபைலில் திறக்கும், காரில் மட்டும் திறக்காது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்திருந்தாலும் இதே தொல்லைதான்.

தீர்வு, ஃபேட்32-க்கு மாற்றுவது. விண்டோஸில் பென் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் கொடுத்தால் ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் ஃபேட்32 இருக்கும். ஆனால் 32 ஜிபிக்கு மேற்பட்ட பென் டிரைவுக்கு அந்தப் பெட்டியில் ஃபேட்32 வராது. இது ஃபேட்32-இன் வரம்பு அல்ல, அந்தப் பெட்டியின் வரம்பு. தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்டில் அதை எழுதிய டேவ் பிளம்மர் என்ற பொறியாளரே, தற்காலிகம் என்று நினைத்து எழுதிய பெட்டி அது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பெரிய பென் டிரைவையும் ஃபேட்32 ஆக்கலாம். அதில் பார்ட்டிஷன் முறையை எம்பிஆர் என்றே வையுங்கள். ஜிபிடி முறையில் பிரித்த பென் டிரைவைப் பல செட்கள் கண்டுகொள்ளாது. ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் டிஸ்க் யுடிலிட்டியில் 'எம்எஸ்-டாஸ் ஃபேட்' என்பதையும் 'மாஸ்டர் பூட் ரெக்கார்டு' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஃபார்மேட் கொடுத்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பாட்டுக்காகக் கொண்டுவரும் பென் டிரைவில் மகளின் கல்யாணப் போட்டோ இருக்கலாம், பத்திரத்தின் ஸ்கேன் நகல் இருக்கலாம். "இதுல பாட்டு மட்டும்தான் இருக்கா சார்?" என்று கேட்டால் மட்டும் போதாது. அவர் கண் முன்னால் திறந்து காட்டுங்கள். தேவையானவற்றை அவருடைய லேப்டாப்பிலோ வேறு டிரைவிலோ எடுத்து வைத்த பிறகே ஃபார்மேட். அவருடைய சம்மதத்தை ஜாப் கார்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவசர நேரத்தில் இது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் அழிந்த போட்டோவுக்கு எந்தக் கடையாலும் ஈடு கொடுக்க முடியாது.

ஃபார்மேட் சரியாக இருந்தும் சில பாட்டுகள் மட்டும் பாடவில்லை என்றால் ஃபைலின் வகையைப் பாருங்கள். எம்பி3 எல்லா இடத்திலும் பாடும். எம்4ஏ, ஃபிளாக், ஓபஸ் போன்றவை செட்டுக்குச் செட் மாறும். பெயருக்குப் பின்னால் இருக்கும் எம்4ஏ-வை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் அது எம்பி3 ஆகிவிடாது. விஎல்சி பிளேயர் போன்ற மென்பொருளில் மாற்ற வேண்டும். இன்னொன்று, பாட்டுச் செயலிகளில் 'டவுன்லோடு' செய்தவை. மாதச் சந்தா கட்டி இறக்கிய பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். அந்த ஃபோல்டரைக் காப்பி செய்து கொண்டுவந்தால் எந்த செட்டிலும் பாடாது. அப்படிப்பட்டவருக்குப் புளூடூத்தோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ இணைத்துக் கொடுத்துவிடுங்கள், பென் டிரைவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மேக்கிலிருந்து பாட்டு ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் இணையாகப் புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் பெயரில் ஒரு சின்ன ஃபைல் உருவாகும். கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாது. செட் அதையும் பாட்டு என்று நினைத்துத் திறக்கப் பார்த்துத் தடுமாறும். ஒரு பாட்டு பாடி, அடுத்தது "எரர்", அதற்கடுத்தது பாடினால் இதுதான் காரணமாக இருக்கும். விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அவற்றை மொத்தமாக அழித்துவிடலாம்.

வரிசை மாறுகிறது என்ற புகார் டூரிஸ்ட் வண்டிக்காரர்களிடமிருந்து அதிகம் வரும். விடியற்காலையில் பக்திப் பாட்டில் தொடங்க வேண்டும், நடுவில் குத்துப் பாட்டு வந்துவிட்டால் குடும்பத்தோடு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பல செட்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. பென் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். ஆகவே காலி பென் டிரைவில் ஃபோல்டர்களை வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லுங்கள். பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டுவிட்டால் பெயர் வரிசை பார்க்கும் செட்டிலும் பிரச்சினை இருக்காது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாக வைக்க வேண்டாம். தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

கொள்ளளவு பற்றி ஒரு கணக்கு சொல்லி வையுங்கள். 5 நிமிஷப் பாட்டு 320 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் 12 எம்பி. 16 ஜிபி பென் டிரைவிலேயே 1,300 பாட்டு கொள்ளும். 128 ஜிபி வாங்க அவசியமே இல்லை. ஒரு செட் படிக்கும் ஃபைல், ஃபோல்டர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, அதைத் தாண்டியவை திரையிலேயே வராது. மலிவு விலையில் விற்கும் பெரிய பென் டிரைவ்களில் போலியும் உண்டு: 128 என்று காட்டும், உள்ளே இருப்பது 8 ஆக இருக்கும். முதல் சில நூறு பாட்டுகள் பாடிவிட்டு மற்றவை ஊமையானால் சந்தேகப்படுங்கள். பென் டிரைவ் குட்டையாக இருப்பது நல்லது. கியர் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் முழங்கால் பட்டு போர்ட்டே வளைந்துவிடும்.

"பாட்டும் நீங்களே ஏத்திக் குடுங்க" என்பார்கள். மறுத்துவிடுங்கள். உரிமை இல்லாத பாட்டைப் பிரதி எடுத்துக் கொடுப்பது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கடை முதலாளி சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது. வாடிக்கையாளர் தன் பாட்டைத் தானே ஏற்றிக்கொள்ள வழி சொல்லிக் கொடுங்கள்.

வேலை பார்த்ததற்குக் கூலி வாங்கக் கூச்சப்பட வேண்டாம். செட் விற்கவில்லை என்பதால் வேலையே செய்யவில்லை என்று ஆகாது. பார்த்த நேரத்துக்கும் ஃபார்மேட் செய்ததற்கும் கடையில் ஒரு தொகையை முன்கூட்டியே பேசி வைத்து, அதை பில்லில் எழுதிக் கொடுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும் முன் வாடிக்கையாளரையே டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். பாட்டு ஓடும்போது இக்னிஷனை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி போடச் சொல்லுங்கள். விட்ட பாட்டிலிருந்து தொடங்கினால் சரி. ஒவ்வொரு முறையும் முதல் பாட்டுக்கே போனால் செட்டின் மெமரி ஒயருக்கு, அதாவது மஞ்சள் ஒயருக்கு, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்டரில் பாருங்கள்.