வதந்தியும் வணிகமும்



'மனப்போர்' என்ற சொல் இப்போது இராணுவ ஆய்வுகளில் அடிபடுகிறது. நிலத்தையோ கணினியையோ தாக்காமல், மக்களின் நம்பிக்கையையும் முடிவெடுக்கும் ஆற்றலையும் தாக்குவதே இதன் முறை. நிலம், கடல், வான், விண்வெளி, கணினி வலை ஆகியவற்றோடு மனித மனமும் ஒரு போர்க்களமே என நேட்டோ சார்ந்த ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். நமக்கு எட்டாத விஷயம் என எண்ண வேண்டாம். எல்லையில் கடை வைத்திருக்கும் நாம் இதன் விளைவைக் கண்டவர்கள்.

1. 2012 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறினர். தாக்குதல் வரப்போவதாகப் பரவிய வதந்தியே காரணம். வேறு நாடுகளின் இயற்கைச் சீற்றப் படங்கள் கலவரப் படங்களாகக் காட்டப்பட்டன என்றும், பெரும்பகுதி பாகிஸ்தானிலிருந்து வந்தது என்றும் மத்திய அரசு கூறியது. மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு 15 நாள் தடை விதிக்கப்பட்டது.

2. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பரவியவை எல்லாம் பொய்யல்ல. இரு மாநிலங்களிலும் நடந்த தாக்குதல்களின் வீடியோக்கள் கைமாறிக் கோபத்தை வளர்த்தன. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பஸ், லாரிகள் எரிக்கப்பட்டன. ஓசூர் எல்லையில் போக்குவரத்து நின்றது. நடந்ததைக் காட்டும் படமும் தீ மூட்டும் என்பதே இதன் பாடம்.

3. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அவை பொய்யாகத் திரிக்கப்பட்டவை எனத் தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசுக் குழு நேரில் வந்து விசாரித்தது. ஆயினும் அச்சத்தில் பலர் ஊர் திரும்பினர். வெளிமாநிலத் தொழிலாளரை நம்பி இயங்கும் ஓசூர் போன்ற ஊரில், அவர்கள் போனால் ஆலை மட்டுமா பாதிக்கும்? மளிகைக் கடையின் கல்லாவும் காலியாகும்.

நம் கல்லாவிலேயே இன்னொரு சான்று உண்டு. 10 ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி. 14 வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பின்னும் பல கடைகளில் வாங்க மறுத்தனர்.

கணினி மோசடியும் இதே வழிதான். திருடன் பூட்டை உடைப்பதில்லை. பயமும் அவசரமும் காட்டிச் சாவியை நம்மிடமே கேட்டு வாங்குகிறான். "கணக்கு முடங்கும், உடனே ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்பது அந்த வகையே.

நாம் செய்ய வேண்டியவை:

• வந்த செய்தியை உடனே பிறருக்கு அனுப்பாதீர்கள். எந்த ஊர், எந்த நாள் என்று கேளுங்கள்.

• பதற்றமான நேரத்தில் லாரி அனுப்புமுன் காவல் நிலையத்தில் விசாரியுங்கள்.

• கடை ஆட்களுக்கு, குறிப்பாக வெளிமாநிலத்தவருக்கு, உண்மை நிலையை நீங்களே சொல்லுங்கள்.

• பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 எண்ணை அழையுங்கள்.

சரக்கை எடை பார்த்து வாங்கும் நாம் செய்தியையும் எடை பார்த்தே வாங்குவோம்.